நாலேகால் பஸ்ஸில் ஒரு மன்றம்

கல்லூரியில் யாரும் கேட்டு வாங்காத வேலை ஒன்று உண்டென்றால் அது மாணவர் மன்றங்களின் ஒருங்கிணைப்பாளர் வேலைதான். உங்கள் கல்லூரியிலும் யார் தலையிலாவது இதைக் கட்டியிருப்பார்கள். அந்தத் தலை உங்களுடையதாக இருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் செஞ்சியில் வணிகவியல் நடத்துகிறவள். ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் "இந்த வருஷம் மன்றங்களை யார் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டபோது எல்லாரும் குனிந்துகொண்டார்கள். நான் தண்ணீர் குடிக்க நிமிர்ந்தேன். அவ்வளவுதான்.

வேலை இதுதான்: ஒவ்வொரு மன்றமும் ஆண்டுதோறும் புதிதாகப் பதிய வேண்டும். உறுப்பினர்கள் வேண்டும், விதிமுறை வேண்டும், கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும், பொறுப்பாசிரியர் ஒருவர் வேண்டும். பதியாத மன்றத்துக்கு அரங்கமும் கிடையாது, வெளியூர்ப் போட்டியும் கிடையாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நிழல்

சேர்க்கையின் முதல் நாளன்று மைதானத்தில் மன்றத்துக்கு ஒரு மேஜை போட்டோம். எங்கள் துறை முதலாண்டுப் பிள்ளைகள் மொத்தமாக யோகா மன்றத்தில் போய் விழுந்தார்கள். இத்தனை பேருக்கு உடம்பின் மேல் அக்கறையா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் நுகர்வோர் மன்றத்து மேஜையில் ஈ கூட உட்காரவில்லை. பாவமாக இருந்ததால் மறுநாள் இரண்டு மேஜைகளையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன்.

மறுநாள் நுகர்வோர் மன்றத்தில் தள்ளுமுள்ளு. யோகா மேஜை காலி. முந்தின நாள் யோகாவில் சேர்ந்த ஒருவனே இந்த வரிசையிலும் நின்றுகொண்டிருந்தான். "ஏம்ப்பா, நேத்து யோகா, இன்னைக்கு நுகர்வோரா? உனக்கு எதுலதான் ஆர்வம்?" என்று பிடித்துக் கேட்டேன். அவன் மேலே புங்க மரத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னான்: "எதுலயும் இல்ல மேடம். நேத்தும் இங்கதான் நெழலு, இன்னைக்கும் இங்கதான் நெழலு."

எடை குறைந்த ரசிகர்கள்

விதிமுறையை யாரும் எழுதுவதில்லை. பழைய மன்றம் ஒன்றின் விதிமுறையை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இது எங்கள் கல்லூரியின் நெடுநாள் வழக்கம், நானும் கண்டுகொள்வதில்லை. ஆனால் திரைப்பட மன்றத்தில் தங்களைச் சேர்க்க மறுக்கிறார்கள் என்று இரண்டு பையன்கள் என்னிடம் வந்து நின்றபோது படித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

படித்தேன். உறுப்பினர் நல்ல உடல்நிலையில் இருக்க வேண்டும், போதிய எடை இருக்க வேண்டும், கூட்டத்துக்கு வருமுன் வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டும். ரத்ததான மன்றத்திலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். வந்த பையன்கள் இரண்டு பேரும் ஊதினால் பறந்துவிடுவார்கள் போல இருந்தார்கள். தலைவனைக் கூப்பிட்டு, படம் பார்க்க எதற்கப்பா எடை என்றேன். அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. "எங்களுக்கும் ஒண்ணும் புரியல மேடம். ஆனா ரூல்ஸ்ல இருக்குதே, மீறக்கூடாதுன்னுதான் மெஷின்ல ஏத்திப் பாத்தோம்."

அடிவாரம்

பொறுப்பாசிரியர் தேடுவது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. கையில் தாளோடு நான் வருவதைக் கண்டால் சக ஆசிரியர்கள் செல்போனில் பேசத் தொடங்கிவிடுவார்கள், எதிர்முனையில் யாரும் இல்லாமலே. கோட்டை ஏறும் மன்றத்துக்கு யாருமே அகப்படவில்லை. மாலையில் ராஜகிரிக் கோட்டை மலை ஏற வேண்டும், ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்றால் யார் வருவார்கள்?

கடைசியில் தமிழ்த்துறை ஐயாவிடம் போய் நின்றேன். ஐயா தமிழ்ச் சமணர், பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர். முழங்கால் வலி வேறு. மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்: "மேல ஏறினவங்கள நீங்க பாருங்கம்மா. எறங்கி வரவங்களுக்கு நான் கீழே பொறுப்பா இருப்பேன், பொழுது சாயற வரைக்கும்."

எதிலும் சேராத பெண்

பதிவு முடியப் போகிற வாரம் சுகன்யா வந்தாள். இயற்பியல் இரண்டாமாண்டு, தளவானூர். விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கிடையே பட்டிமன்றப் போட்டி, அதற்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றாள். எந்த மன்றம் என்று கேட்டேன். எதிலும் இல்லை என்றாள். பதிந்த மன்றத்து உறுப்பினர் அல்லாதவரைப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்று விதியைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

இவ்வளவு ஆசை இருக்கிறவள் பேச்சு மன்றத்தில் சேர்ந்திருக்கலாமே என்று கடிந்துகொண்டேன். அவள் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினாள். எல்லா மன்றமும் நாலு மணிக்கு வகுப்பு விட்ட பிறகுதான் கூடுகின்றன. அவள் ஊர் பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது இருட்டின பிறகு. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை அவள் சொன்னாள்: "ஒரு நாள் அந்த பஸ்ஸ விட்டா மறுநாள்லேர்ந்து காலேஜே வேணாம்னு எங்க நைனா சொல்லிட்டாரு மேடம்."

கூடுமிடம்

அன்றைக்கு எல்லா மன்றங்களின் உறுப்பினர் பட்டியலையும் எடுத்துப் புரட்டினேன். பக்கத்துச் சிங்கவரத்துப் பிள்ளைகளாவது சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் யாருமே எந்த மன்றத்திலும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சோம்பேறிகள் என்று இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். மன்றத்தின் பெயர் சொல்லாடல் மன்றம். உறுப்பினர்கள், அந்த பஸ்ஸில் போகிற நம் கல்லூரிப் பிள்ளைகள் அத்தனை பேரும். கூடும் நாள் புதன். கூடுமிடம் என்ற இடத்தில் தளவானூர் பஸ் என்று எழுதியிருந்தது. விளையாடுகிறாயா என்று கேட்டேன். "இல்ல மேடம். தெனமும் ஒரு மணி நேரம் அதுல சும்மாதான் நிக்கறோம். நின்னுக்கினே பேசறோமே."

நேரில் ஒரு பார்வை

புதன்கிழமை அந்த பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கண்டக்டர், "கடைசி ஸ்டாப்பா? திரும்பறதும் இதே வண்டிதான்" என்று எச்சரித்தார். பிள்ளைகள் ஏற்பாட்டை விளக்கினார்கள். பஸ்ஸில் எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அதுதான் அவரவர் கட்சி. இடப்பக்கம் ஆமாம் என்று பேச வேண்டும், வலப்பக்கம் இல்லை என்று பேச வேண்டும். சொந்தக் கருத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியது. ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவே ஒருவர் பேசலாம், கண்டக்டர் விசில் ஊதினால் நிறுத்திவிட வேண்டும். ஆடு குறுக்கே வந்தால் பேசுகிறவருக்கு அதிர்ஷ்டம்.

அன்றைய தலைப்பு, நம் பக்கத்து நிலத்துக்குக் கரும்பைவிட மணிலா, அதாவது வேர்க்கடலைதானே நல்லது என்பது. இடப்பக்கம் மணிலா, வலப்பக்கம் கரும்பு. கரும்புக்காகச் சுகன்யா எழுந்து பேச ஆரம்பித்ததும் மூட்டையோடு நின்ற ஓர் அம்மா மெய்யாகவே கோபப்பட்டு மணிலாக் கட்சியில் சேர்ந்துவிட்டார். அவருக்கு அவள் பதில் சொன்ன விதத்தில் ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். எங்கள் அரங்கத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களிடம் நான் இதைப் பார்த்ததில்லை. மலைத்துப் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர்தான் கலைத்தார்: "மணிலாக் கட்சி எறங்கு எறங்கு. கரும்பு உள்ள தள்ளி நில்லு. மேடம், நீங்க எந்தக் கட்சின்னு சீக்கிரம் சொல்லுங்க."

கையெழுத்து

முதல்வர் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். கல்லூரிக்கு வெளியே கூடினால் ஆசிரியர் உடனிருக்க வேண்டுமே, அந்த பஸ்ஸில் தினம் போகிற ஆசிரியர் யார் இருக்கிறார் என்றார். யாரும் இல்லை. அவர் தாளை ஓரமாக வைத்த வேகத்தைப் பார்த்து என் வாய் என்னைக் கேட்காமலே, "புதன்கிழமை நான் போறேன் சார்" என்றது.

அவருக்கும் ஒரு கவலை இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் மன்றங்களில் ஏன் இல்லை என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள், அவரிடம் பதில் இல்லை. இப்போது ஒரு பஸ் நிறைய பதில் கிடைத்துவிட்டது. பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கும் தலையிலிருந்து பாரம் இறங்கியது. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "வண்டி நடுவழியில நின்னுட்டா, அத சிறப்புக் கூட்டம்னு கணக்கு வெச்சுக்கலாமா மேடம்?"

சுகன்யாவின் நைனா

நிம்மதி எத்தனை நாளைக்கு? போட்டிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை, துறை வாசலில் ஒருவர் தோளில் துண்டோடு நின்றார். சுகன்யாவின் அப்பா என்றார். போட்டி முடிய மாலையாகிவிடும், நாலேகால் பஸ் கிடைக்காது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று சுகன்யாவும் நானும் ஒரு வாரமாகக் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

அவர் உட்கார மறுத்துவிட்டார். "உம் பொண்ணு பஸ்ல சண்ட போடுதுன்னு கடத்தெருவுல சொன்னாங்கோ டீச்சரம்மா. இன்னாடா இதுன்னு நேத்து நானே அந்த வண்டில ஏறிட்டேன். முன்னாடி சீட்டு. அதுக்குத் தெரியாது." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முந்தின நாள் புதன்கிழமைத் தலைப்பு, பெண் பிள்ளைகளைப் பொழுதோடு வீட்டுக்கு வரச் சொல்வது சரியா என்பது. சுகன்யாவுக்குக் கிடைத்த இடம் இடப்பக்கம். சரிதான் என்று அவள் பேசினாள். வயலில் நாளெல்லாம் நின்ற மனுஷன் சாயங்காலம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். பஸ் லேட்டானால் கோபமாகக் கத்துகிறவருக்கு உள்ளே இருப்பது பயம் என்று சொன்னாள். வெறும் கட்சிக்காகப் பேசுகிறாள் என்று நினைத்து நானும் கை தட்டியிருந்தேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் கையமர்த்தினார். "எங்கட்சிய எனக்கே இப்படிப் பேச வராது டீச்சரம்மா. நாளைக்கு விழுப்புரத்துல எத்தன மணிக்கு முடியும்னு மட்டும் சொல்லுங்க, நான் வண்டியோட வந்து வாசல்ல நிக்கறேன்."

என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களே, பிள்ளைகள் மன்றத்தில் சேரவில்லை என்று அலுத்துக்கொள்வதற்கு முன் அவர்கள் வீட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்று ஒரு தரம் பஸ் ஏறிப் பாருங்கள், திரும்பி வர அதே வண்டிதான் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.