சுவருக்குள் நின்ற பையனும் நீலக்கல்லும்

தாராவியில் என் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் பழுதுக்கு வைக்கும் பெயர்களுக்காகவே இந்தத் தொழிலை விட மனசு வராது. திரை நடுங்கினால் "குளிர் காய்ச்சல்". சத்தம் கரகரத்தால் "தொண்டைக் கட்டு". லெதர் பை பட்டறையில் தைக்கும் இசக்கியம்மாள் ஒரு பழைய கையடக்க வீடியோ கேமை நீட்டி, "அண்ணாச்சி, எங்க பய சுவத்துக்குள்ள மாட்டிக்கிட்டான்" என்றார்.

சின்ன வயதில் அவர் தன் தங்கை மாரியோடு ஆடிய கேம். சுவரைத் தாண்டும் தந்திரம் என்று யாரோ சொன்னதைச் செய்த மாரி, கேமில் ஓடும் பையன் சுவருக்குள் நிற்கும்போதே சேவ் பண்ணிவிட்டாள். அதன்பின் அவனால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. வாஷியில் நர்ஸாக இருக்கும் மாரி, ஞாயிற்றுக்கிழமை துபாய்க்கு வேலைக்குப் போகிறாள். அதற்குள் பையனை வெளியே எடுக்க வேண்டும்.

"புதுசா ஆரம்பிச்சிரலாமே?"

"அதுக்கு எதுக்கு உங்ககிட்ட வாரேன்? இவன் அவ வளத்த பயலாக்கும்."

1. பையைப் படிக்கும் மிஷின்

ரிப்பேர் பார்த்துப் பார்த்து, இந்தக் கேம்களின் குளறுபடிகளை ஆராய்வதும் என் வேலையாகிவிட்டது. மிஷினுக்குப் பொருளும் எண்ணிக்கையும் வெறும் நம்பர்தான். அந்தச் சுவர் தந்திரம் செய்தால், பையன் வைத்திருக்கும் பைக்குள் பெயரில்லாத பொருள் ஒன்று வந்து சேரும். அதை அமுக்கினால் மிஷின் தடம் மாறி, பையில் மருந்து எத்தனை, கயிறு எத்தனை என்பதையே கட்டளையாகப் படித்து ஓட்டும். நம்பர் சரியாக அமைந்தால் பையனை ஊர்வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

இன்டர்நெட்டில் முறை கிடைத்தது. இருந்தாலும் இசக்கியம்மாளின் கேமும் சேவும் இருக்கும் கேட்ரிட்ஜில் கைவைக்கவில்லை. அது டூப்ளிகேட். சேவைக் காப்பி எடுத்து வைக்கலாம் என்றால் அதற்கான கருவிக்கும் பிடிபடவில்லை. அதே லாட்டில் வந்த ஒன்று என் ஸ்கிராப் டப்பாவில் இருந்தது. அதில் செய்து பார்த்தேன். திரை வெளுத்து அப்படியே நின்றது. டூப்ளிகேட் போட்டவன் தன் கம்பெனிப் படத்தைக் கேமுக்கு முன்னால் சொருகியதில் உள்ளே எல்லாமே இடம் நகர்ந்திருந்தது. எவ்வளவு என்று பிடித்து, நம்பரைத் திருத்தி அதில் ஓடவைப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

2. மாரியின் கல்

சுவருக்குள் நிற்பவன் கடைக்குப் போய் எதையும் வாங்க முடியாது. இருப்பதைத் தூக்கிப் போடத்தான் முடியும். மருந்தும் கயிறும் தேவைக்கு மேல் இருந்தன. நடுவில் ஒரு நீலக்கல்தான் இடைஞ்சல். அதன் நம்பரை மிஷின் 'நில்' என்று படித்தது.

"தூக்கிப் போடுங்க" என்று சொன்ன இசக்கியம்மாள், அன்று கடைக்கு வந்திருந்தவர், உடனே என் கையைத் தடுத்தார். "இருங்க, அவகிட்ட கேக்கணும். இந்தக் கல்லுக்காக எவ்வளவு சண்டை!"

சனிக்கிழமை மாரி வந்தாள்.

"என் கல்லா? ஏக்தம் நை! தரவே மாட்டேன்!"

"ஏளா, கல்லு வேணுமா, பய வேணுமா?"

"ரெண்டும்."

"பாத்தியளா அண்ணாச்சி, விசா வந்துட்டு, புத்தி இன்னும் வரல."

மாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிச்சயமா ஓடுமா அண்ணாச்சி?"

"என்கிட்ட இருந்த ஸ்பேர்ல ஓடிச்சு. இதுல தப்பினா சேவே போயிரும். சொல்லாம அமுக்க மாட்டேன்."

மாரி மிஷினை வாங்கி, கல்லைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டாள். பெயரில்லாத பொருளை அக்கா அமுக்கினார். திரை குலுங்கியது. பிறகு ஊர்வாசல். மாரி பட்டனைத் தொட, பையன் ஓர் அடி வைத்தான்.

"நடக்கான்ளா!" இசக்கியம்மாள் போட்ட சத்தத்தில் எதிர் வடாபாவ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மொதல்ல சேவ் பண்ணுங்க" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த முறையையும் அதே லாட் சரக்கில் முதலில் போட்டுப் பாருங்கள். எதைத் தூக்கிப் போட்டால் மிஷின் ஓடும் என்பது நமக்குத் தெரியும். அது யாருடைய கல் என்பது வந்தவர்களுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு அமுக்குங்கள்.

அன்று சாயங்காலம் வரை என் கடை ஸ்டூலிலேயே இருவரும் மாறி மாறி ஆடினார்கள். கடைசிக் கோட்டை வாசலில் மாரி கையை எடுத்துக்கொண்டாள்.

"போதும்க்கா. இங்கயே நிக்கட்டும். லீவுக்கு வந்து முடிப்போம்."

இசக்கியம்மாள் மிஷினைத் தான் தைத்த லெதர் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "நான் தொடமாட்டேன். நீ வா."