மதிலில் முட்டும் ஜீப்ரா கோடு

பதினாறு வருடமாகச் சாலையில் கோடு போடுகிறவளுக்குக் கோட்டுக்காரி என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. சுண்ணாம்புத்தூள் பூசிய கயிற்றைத் தார்மேல் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவாள். கோடு அம்பு மாதிரி விழும். கயிற்றின் மறுமுனை நாத்தனார் கையில். வெயிலில் மண்டியிட்டே இருவருக்கும் முழங்கால் தோல் தடித்துவிட்டது. விளக்குக் கம்பத்தில் போய் மோதும் சைக்கிள் பாதையை அவள் போட்டிருக்கிறாள். சாக்கடையில் இறங்கும் நடைபாதைக்கு ஓரக்கோடும் போட்டிருக்கிறாள். எல்லாம் மேலிடத்து மூளை. கை மட்டும் அவளுடையது.

பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்க அலுவலகம் திட்டம் போட்டது. போட்டவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. பழைய வரைபடத்தை விரித்து, வாசலுக்கு நேரே ஜீப்ரா கோடு என்று குறித்தார்கள். அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்து மூன்று வருடம் ஆகிறது. புது வாசல் எண்பது அடி தள்ளி, வளைவை ஒட்டி இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் கோட்டுக்காரியின் மகள் அங்கேதான் சாலையைக் கடக்கிறாள். போன மாதம் ஒரு வேன் அவளுடைய புத்தகப் பையில் உரசி, குழந்தையைக் கீழே தள்ளிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அது கண்ணை மூடிக்கொண்டு ஓடித்தான் கடக்கிறது.

"சார், இது சுவர். இங்க கோடு போட்டா பிள்ளைங்க எங்க போவாங்க?"

ஓவர்சியர் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"படத்துல வாசல் இருக்கும்மா."

"படத்துல இருக்கு சார். இங்க இல்லையே."

"நாளைக்குப் பெரிய சார் போட்டோ எடுக்க வர்றாரு. சொன்னதைச் செய்."

"விடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "பேய் பிசாசாவது பத்திரமா நடந்து போகட்டும். அதுங்கதான் சுவருக்குள்ள நுழையும்."

கோடு பளபளவென்று வந்தது. மறுநாள் காலை பெரியவர் அதன்மேல் நின்று சிரித்தார். மதில் தெரியாத கோணமாகப் பார்த்துப் படம் எடுத்தார்கள். கோணம் பார்ப்பதில் மட்டும் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. அவர்கள் போனதும் இருவரும் மிச்சப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு புது வாசலுக்குப் போனார்கள்.

பெயிண்ட் காய்ந்த நேரத்துக்கு ஓவர்சியர் வந்து சேர்ந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் போட்ட? கறுப்பு அடிச்சு அழி!"

"அழிக்கிறேன் சார். சீட்டு எழுதிக் குடுங்க."

கோடு போட வாய்வார்த்தை போதும். அழிக்க மட்டும் இடமும் காரணமும் எழுதிய சீட்டு வேண்டும். அழித்த இடத்தில் யாராவது அடிபட்டால் பழி பெயிண்டரின் தலையில் விழும் என்பதால் வந்த நடைமுறை அது. ஓவர்சியர் ஸ்டியரிங்மேல் தாளை வைத்து, 'பள்ளி வாசலில் உள்ள கோடு' என்று எழுதினார். பேனா நின்றது. இது பள்ளி வாசல் என்றால், காலையில் பெரியவர் நின்று சிரித்தது எந்த வாசல்? அடித்துவிட்டு, 'வளைவில் உள்ள கோடு' என்று எழுதினார்.

"காரணம் சார்?"

"தேவையில்லாத இடம்..." என்று முணுமுணுத்தார். பள்ளி மணி அடித்தது. வாசல் திறந்து பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். தேவையில்லாத இடம் நிரம்பி வழிந்தது.

அவர் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நகர முடியவில்லை, முன்னால் பிள்ளைகள். பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தார்.

"நல்லா அடிங்க சார்," என்றாள் நாத்தனார். "இதுக்குச் சீட்டு வேண்டாம்."

கடைசியாக மகள் வந்தாள். சாலை ஓரத்தில் கண்ணை மூடப் போனவள், கார் நிற்பதைப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையில் ஒரு காலை வைத்தாள். அப்புறம் அடுத்த காலை. ஓடவில்லை.