வஹாப் பாய் மாற்றிச் சொன்ன வார்த்தைகள்

வெள்ளிக்கிழமை வந்த தபால் கார்டை நான் முதலில் நம்பவில்லை. "அத்தா புதன்கிழமை காலை மௌத்தாகிவிட்டார்கள். மெஹருன்னிசா" என்று வஹாப் பாயின் மகள் எழுதிய இரண்டே வரி. பத்து நாள் முன்புதான் தெப்பக்குளத்தருகே சைக்கிளில் போனவரைப் பார்த்துக் கையாட்டியிருந்தேன். முகவரி மாறி வந்திருக்குமோ என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதையும் உடனே நம்புவதில்லை என்பது என் சுபாவம். அந்தச் சுபாவத்தால் வஹாப் பாய்க்கு நான் செய்த தீங்கை, அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அறியமாட்டீர்கள். இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

ஆற்றுநீரைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொண்டுபோகக் குழாய் பதித்த கம்பெனியில் நான் ஸ்டெனோ. அவர் துபாஷி, இரு பக்கப் பேச்சையும் மொழிபெயர்த்துச் சொல்பவர். இளமையில் ரங்கூன் துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் இங்கிலீஷ் கற்றவர். யுத்தத்தின்போது ஊர் திரும்பிப் பாலக்கரையில் குடியிருந்தார். அவருடைய இங்கிலீஷில் இலக்கணம் கிடையாது. நானோ பி.ஏ. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் வெபர், என்னை விட்டுவிட்டு அவரையே எல்லா இடத்துக்கும் அழைத்துப் போனது எனக்கு உறுத்தலாக இருந்தது.

திருவானைக்காவலுக்கு அப்பால் ஒரு வாழைத்தோட்டத்தின் வழியாகக் குழாய் போக வேண்டும். தோட்டக்காரர்கள் சார்பில் பேசியவர் நாட்டாண்மை சின்னையா. "திங்கட்கிழமை தோண்ட ஆரம்பிக்கலாமா?" என்று வெபர் கேட்டார். பாய் தமிழில் சொன்னார்.

"ஆகட்டும், பார்க்கலாம்ங்க" என்றார் சின்னையா.

பாய் வெபரிடம் திரும்பி, "முடியாது என்கிறார்கள்" என்றார் இங்கிலீஷில்.

நான் திடுக்கிட்டேன். இவர்களோடு பேசுவது வீண்வேலை என்று வெபர் எரிந்து விழுந்தார். பாய் கொஞ்சமும் தயங்காமல், "உங்க கஷ்டம் தொரைக்குப் புரியுதாம். யோசிக்க டயம் கேக்குறாரு" என்றார். ஒரு வார்த்தைகூட அப்படியே போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து என் நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தேன். இடதுபக்கம் அவர்கள் சொன்னது, வலதுபக்கம் பாய் சொன்னது. ஒரு மாதத்தில் நோட்டு நிறைந்தது. யாருக்காக மாற்றுகிறார், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஒருநாள் மாலை, சின்னையாவின் ஆள் பெரிய வாழைத்தார் ஒன்றைப் பாயின் சைக்கிள் காரியரில் கட்டுவதைப் பார்த்தேன். போதும் என்று தோன்றியது. நோட்டையும் ஒரு கடிதத்தையும் மேனேஜரிடம் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று பாயை அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

வெபர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். சின்னையாவும் அதே பதிலைச் சொன்னார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்பதை நான் சுத்தமான இங்கிலீஷில் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். வெபர் மலர்ந்து போய் எழுந்து சின்னையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். அதையும் சம்மதமாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். ஊர் ஓடி வருவதற்குள், குலை தள்ளியிருந்த வாழைகள் இரண்டு வரிசை சாய்ந்துவிட்டன. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அரிவாளோடு ஓடிவந்த ஒருவரை நான்கு பேர் பிடித்து நிறுத்தினார்கள். சின்னையா சத்தம் போடவில்லை. தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டார்.

"நாங்க எப்பய்யா சரின்னு சொன்னோம்?" என்று அங்கிருந்தே என்னைக் கேட்டார்.

"அவர்தானே ஒப்புக்கொண்டார்?" என்று வெபர் இந்தப் பக்கம் கேட்டார்.



மேனேஜர் பாலக்கரைக்கு ஜீப் அனுப்பினார். பாய் வந்ததும் நேராக வெபரிடம் போனார். "இன்றைக்கு நீங்கள் பேசவே கூடாது. தொப்பியைக் கழற்றிவிட்டு இங்கே உட்காருங்கள்" என்றார். வெபர் என்ன நினைத்தாரோ, பள்ளத்து ஓரத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பாய் குனிந்து, "தப்பு எங்க பேர்லதாங்க. நீங்க சொன்னதை நாங்க சரியாப் புரிஞ்சுக்கல" என்றார் சின்னையாவிடம். தப்பில் பங்கே இல்லாத தன்னையும் 'எங்க' என்று அவர் சேர்த்துக்கொண்டது எனக்கு மட்டும்தான் உறைத்தது.

ஒரு மணி நேரம் ஊர் பேசியது. ஏச்சையும் சாபத்தையும்கூட அன்று அவர் ஒன்றுவிடாமல் வெபருக்குச் சொன்னார். இன்றைக்கு மட்டும் ஏன் மாற்றவில்லை என்று அப்போதும் எனக்குச் சந்தேகம். பிற்பாடு கேட்டபோது, "அடிபட்டவங்க பேசறதை மாத்தக்கூடாது சார். அது அவங்களை இன்னொரு தரம் அடிக்கிற மாதிரி" என்றார்.

கடைசியில் வெபர், "எந்தப் பக்கம் கொண்டுபோனால் இவர்களுக்குச் சம்மதம்?" என்று கேட்டார். அது போய்ச் சேர்ந்ததும் சின்னையா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வாய்க்கால் ஓரமாக ஒரு வழியைக் காட்டினார். அறுவடை முடிந்தபின் குழாய் அந்த வழியாகத்தான் போயிற்று.

அன்று திரும்பும்போது ஜீப்பில் நாங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்திருந்தோம்.

"உங்க நோட்டை மேனேஜர் காட்டினாரு" என்றார் பாய்.

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு எடத்துல நீங்க எழுதினது சரி. பள்ளத்தோட அகலத்தை ரெண்டு மடங்காக்கணும்னு தொரை சொன்னதை நான் ஊர்க்காரங்களுக்குச் சொல்லல. பேசிக் குறைச்சுடலாம்னு நெனச்சு மறைச்சுட்டேன். அவங்க நெலம் சார் அது. மறைக்க நான் யாரு?"

"வாழைத்தார்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

"தொரைக்குன்னு குடுத்தாங்க. லஞ்சம்னு அவங்க மூஞ்சிக்கு நேரா திருப்பிடுவாரேன்னு, எங்க வீட்டுத் தார்னு சொல்லிக் குடுத்தேன்." பிறகு, "சந்தேகம் வர்றது தப்பில்ல சார். என்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

மறுநாள் வெபரின் சமையல்காரரிடம் தாரைப் பற்றி விசாரித்தேன். பாய் சொன்னது உண்மைதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஏதாவது மாற்றிச் சொன்னால், "இப்படிச் சொல்லியிருக்கேன், சரிதானே சார்?" என்று எல்லார் எதிரிலும் கேட்பார். சரியில்லை என்று நான் சொன்ன நாட்களும் உண்டு. அன்றெல்லாம் திருத்திச் சொல்வார்.

கார்டு வந்த மறுநாள் பாலக்கரைக்குப் போனேன். மெஹருன்னிசா வாசலுக்கு வந்தார். புகார் எழுதியவன் நான்தான் என்று சொன்னேன்.

"அப்ப ரெண்டு வாரம் அத்தா வீட்டோட இருந்தாங்க. வேலை போயிடும்னு அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. யாரு எழுதினதுன்னு எவ்வளவோ கேட்டோம். கடைசிவரை சொல்லலை" என்றார். பிறகு, "உள்ள வந்து உட்காருங்க" என்றார்.

அது மன்னிப்பா, வீடு தேடி வந்தவனுக்குக் காட்டும் மரியாதையா? முன்பானால் நானே ஒன்றை முடிவுகட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன். சந்தேகத்தை மனத்துக்குள் வளர்க்காமல் உரியவரிடமே கேட்டுவிடுவது என்ற ஒன்றைத்தான் வஹாப் பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கேட்டேன்.

"என் பேர்ல கோபமாம்மா?"

"ஆமாங்க, கோபந்தான்" என்றார் அவர். "டீ போடறேன், குடிச்சுட்டுப் போங்க."