சொல்லாமல் போன ஒரே வியாழக்கிழமை

பிரதர் ஞானதுரை இறந்துபோன செய்தி வந்தபோது நான் பஜார் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரம் நின்றுபோய், ஜெர்மன் எஞ்சினியர் என்னிடம் வந்து யோசனை கேட்ட கதை. அந்தக் கதை ஓடும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை; பேசினாலும் நான் நிறுத்துவதில்லை. என்னோடு சுரங்கத்து பெல்ட் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆன கலியபெருமாள், காதிலிருந்து போனை எடுத்துவிட்டு, "யண்ணே, நம்ம பிரதர் பூட்டாராம். நெஞ்சுவலியாம்" என்றார். கதை அந்த இடத்திலேயே நின்றது. ஜெர்மன்காரர் இன்றுவரை என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆஸ்பத்திரியில் பெண் நர்ஸ் என்றால் சிஸ்டர், ஆண் நர்ஸ் என்றால் பிரதர். இவர் மனநல வார்டில் பிரதர். என் தம்பி ஏழுமலைக்குக் கூடப் பிறந்தவன் நான்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் பிரதர் என்றால் அவர்தான்.

செய்தி வந்தது புதன்கிழமை. மறுநாள் வியாழன். வியாழக்கிழமை சாயங்காலம் பிரதர் எங்கள் வீட்டுக்கு வருவார். ஏழுமலை மதியத்திலிருந்தே சட்டை மாற்றிக்கொண்டு கேட்டருகில் நிற்பான். அவனிடம் இதை எப்படிச் சொல்வது?

"சொல்லவே சொல்லாதீங்கண்ணே" என்றார் கலியபெருமாள். "தம்பிக்குத் திரும்பியும் வியாதி கெளம்பிடப்போவுது. பொண்ணு வூட்டுக்குப் போயிருக்காரு, பெங்களூருக்குன்னு வுட்டுடுங்க. உங்களுக்கா கதை வுடச் சொல்லித் தரணும்?"

உண்மைதான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். ஆனால் கதைக்கு மட்டும் என்னை எவனும் அடித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏழுமலைக்கு மனசு வியாதி ஆரம்பித்தது, சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கில். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த காலம். சங்கு ஊதினால் அவனுக்கு மட்டும் அது "ஏ...ழு...மல" என்று கேட்டது. சங்கு நின்ற பிறகும் கேட்டது. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். "அது சங்குடா மடையா, ஊருக்கே ஊதுறான், உனக்கா ஊதுறான்?" என்று நான் கத்துவேன். என் குரல் சங்கைவிடப் பெரியது. அடுத்த பிளாக்கில் குழந்தைகள் அழுததாகச் சொல்வார்கள். என் மனைவி உயிரோடிருந்தபோது வேறு வழியில் முயன்றாள். "ஆமாம் தம்பி, எனக்கும் கேக்குது, போவச் சொல்லிட்டேன்" என்பாள். அவன் இன்னும் உள்ளே நகர்ந்துகொள்வான்.

வார்டில் சேர்த்த முதல் நாளும் சங்கு ஊதியது. கட்டிலுக்கடியில் போய்விட்டான். பிரதர் இழுக்கவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "உங்களுக்குக் கேக்குதா?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். ஆமாம் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. இரண்டையும் நாங்கள் பார்த்துவிட்டோம்.

"சங்குச் சத்தம் கேட்டுச்சு தம்பி" என்றார் பிரதர். "பேரு சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேக்கல. ஒனக்குக் கேக்குதுன்னு நீ சொல்லுத, அதை நான் நம்புதேன். பயமா இருக்கா?"

ரொம்ப நேரம் கழித்து, "ஆமாம்" என்றான். மாதக்கணக்கில் எங்கள் யாருக்கும் பதில் சொல்லாதவன். நாங்கள் எல்லோரும் சங்கைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் பயத்தை யாரும் கேட்கவில்லை. அன்றே அவன் எழுந்து நடந்துவிட்டான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அப்படி இல்லை. கையை மட்டும் வெளியே நீட்டினான். பிரதர் அந்தக் கையைப் பிடிக்கவும் இல்லை. "பிடிக்கலாமான்னு அவன்கிட்ட கேக்கணும்லா அண்ணாச்சி" என்றார் பிற்பாடு.

வார்டிலிருந்து ஏழுமலை வீட்டுக்கு வந்த பிறகு, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வியாழக்கிழமை தோறும் வந்தார். நானும் என் பங்குக்குக் கதை சொல்வேன். சிரிக்கவும் மாட்டார், "அப்படியா!" என்று வாய் பிளக்கவும் மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப ஒங்களுக்கு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?" என்பார். அந்தப் பகுதியை மட்டும் நான் முன்கூட்டிக் கட்டி வைத்திருக்க மாட்டேன். என் டீ ஆறிப்போகும்.

ஒரு தடவை பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தேன். இரண்டு ஆள் தூக்கும் பழம். சரி, ஒரு ஆள், கொஞ்சம் முக்கித் தூக்கலாம். பிரதர் தொடவில்லை.

"சாதி பாக்குறீங்களா பிரதர்?" என்று கேட்டேவிட்டேன்.

"அய்யோ அண்ணாச்சி! நான் ஒங்க வீட்டு மனுசன் ஆயிட்டா, ஏழுமலைக்கு நர்ஸ் யாரு?"

எனக்குக் கோபம். அடுத்த முறை அவர் வந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை. அவரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. வழக்கம்போல வந்தார், தம்பியோடு உட்கார்ந்தார், அடுத்த வியாழன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வருவதாகச் சொன்னால் வருவார். வர முடியாது என்றால் முந்தியே சொல்லிவிடுவார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போவதைக்கூட ஏழுமலையிடம் நேரில் சொன்ன பிறகுதான் பஸ் ஏறுவார். "என்ன பிரதர், இவன்கிட்ட லீவ் சாங்ஷன் வாங்குறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாரேன்னு சொல்லிட்டு வராம இருந்தா, அவனுக்குள்ள கேக்குற கொரலு சொல்றதுதான் நெசம்னு ஆயிரும் அண்ணாச்சி. 'ஒன்னை எல்லாரும் ஏமாத்துதாங்க'ன்னுதான் அது சொல்லிக்கிட்டே கெடக்கு."

ரிட்டயர் ஆகப்போவதையும் பல மாதங்களுக்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். புதிதாக வரப்போகும் சிஸ்டரைக் கூடவே அழைத்துவந்து உட்காரவைத்தார். கடைசி நாள் ஏழுமலையிடம், "இன்னையோட நான் ஒனக்கு நர்ஸ் இல்ல" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை கேட் சத்தம். பார்த்தால் பிரதர், கலர் சட்டையில்.

"இப்ப நான் வெறும் ஞானதுரை அண்ணாச்சி. பலாப்பழம் இருக்கா?"

அன்று அவர் தின்ற சுளையை எண்ணிச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதிலிருந்து வியாழக்கிழமை எங்கள் மூவருக்கும் ஆயிற்று. மனைவி போய், மகள்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் தங்கிவிட்ட பிறகு, வடலூர் ரோட்டில் நான் கட்டிய இந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்தான் டீ டம்ளர் மூன்று கழுவினோம்.

அவர் எங்களிடம் சொல்லாமல் போனது இந்த ஒரே தடவைதான்.

டீக்கடையிலிருந்து வீட்டுக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். பெங்களூர்க் கதை தயார். அதைவிட நல்லதாக, சிங்கப்பூரில் ஆஸ்பத்திரிக்காரர்களே டிக்கெட் போட்டு அழைத்துக்கொண்டதாக இன்னொன்று. நானே நம்பும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் வியாழன் வரும், அதற்கடுத்த வியாழனும் வரும். அவன் கேட்டருகில் நிற்பான். அப்போது அவனுக்குள் இருக்கும் குரல் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும்.

'காலமானார்' என்று சொல்லலாமா? 'சாமிகிட்ட போயிட்டாரு' என்றால், எந்தப் பக்கம், எந்த பஸ் என்று கேட்பான். அவனுக்கு வார்த்தை என்றால் வார்த்தைதான்.

ஏழுமலை வாசலில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தான். நாளைக்குப் போடும் சட்டை. பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏழுமல, பிரதர் செத்துட்டாரு."

சட்டையை மடித்துக்கொண்டே இருந்தான். "நாளைக்கு?"

"நாளைக்கு வரமாட்டாரு. இனிமே வரமாட்டாரு."

கை நின்றது. என் முகத்தையே பார்த்தான். "நீ கதை வுட்டுகினு இருக்கியாண்ணா?"

"இல்லடா."

தலையை ஆட்டினான். வீட்டுக்குள் போகாமல் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். என் ஆயுசில் நான் சொன்னதை ஒரே வார்த்தையில் ஒருவன் நம்பியது அன்றுதான். நம்பாமல் இருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

சாவுக்கு இருவரும் போனோம். தைப்பூசக் கூட்டம் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், அவ்வளவு இல்லை. அதற்குப் பிறகு ஏழுமலை வியாழக்கிழமை சட்டை மாற்றுவதில்லை. மாத்திரை போட்டுக்கொள்கிறான். சில நாள் முழுக்கப் பேசுவதில்லை. என்னிடம் கதைகள் கிடக்கின்றன. வீட்டில் அவற்றை எடுப்பதில்லை. "மழ வருமாண்ணா?" என்று கேட்டால் வானத்தைப் பார்த்து, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்கிறேன். அவன் சரி என்கிறான்.

பிரதரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த 'சரி'தான். அதைக் கெடுக்காமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.