வெர்னன் காத்திருந்த பனி

டண்டாக் ஊரில் டிவிக்காரர் "பனி" என்று வாயெடுத்தால் போதும், தெருவில் பாதிப் பேர் வெர்னன் ஹாஸுக்குத்தான் போன் போடுவார்கள். "வருமா வெர்னன்?" என்பதுதான் கேள்வி. பால்டிமோர் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. வீட்டுக்குப் பின்னால் வெள்ளையடித்த பலகை ஒன்று கிடக்கும். பனி விழுந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் அளவுகோலை நட்டுப் பார்த்து, பலகையை வழித்துவிட்டு, வானிலை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறான். பைத்தியம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவன் மறுத்ததில்லை.

ஆனால் ஒன்பது வருஷமாக அந்தப் பலகையில் உருப்படியாக ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரே கதைதான். ஐந்து நாள் முன்னால் வரைபடத்தில் பெரிய புயல் தெரியும். இரண்டு நாள் முன்னால் அது கொஞ்சம் கிழக்கே சாய்ந்து கடலுக்குப் போய்விடும், இல்லையென்றால் மேற்கே சாய்ந்து, வளைகுடாவின் வெதுவெதுப்பான காற்றை டண்டாக் பக்கம் இழுத்துவிட்டு, இங்கே மழையாகக் கொட்டும். பனி, நாற்பது மைல் தள்ளி இருக்கிறவர்களுக்கு.

சனிக்கிழமை காலையில் வெர்னனும் கர்டிஸும் சாலையோர டைனரில் உட்கார்ந்து இதைப் பேசித் தீர்ப்பார்கள். கர்டிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், இவனைப்போலவே பனிக்கிறுக்கு.

"என் மச்சான் நாப்பது மைல் தள்ளி வெஸ்ட்மின்ஸ்டர்ல இருக்கானே, போன மாசம் அங்க ஒம்போது இன்ச். நாய் கழுத்து வரைக்கும் பனியில நிக்கிற மாதிரி படம் அனுப்புறான். நமக்கு மழை. வேணும்னே அனுப்புறான், பாவி."

"சின்ன நாயா இருக்கும்," என்றான் வெர்னன்.

காப்பி ஊற்ற வந்த பெக் சிரித்தாள். "நீங்க ரெண்டு பேரும் இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறதாலதான் அது வரமாட்டேங்குது கண்ணு. ஒரு வருஷம் பேசாம இருந்து பாருங்களேன்."

"பேசாம எதுக்கு இருக்கணும்? மலைப்பக்கம் போனா மூணு மணி நேரம்," என்றான் கர்டிஸ். "அங்க காரெட் கவுன்ட்டியில ரெண்டடி பனி கெடக்கு. வருஷா வருஷம் கூப்பிடுறேன், இவன்தான் வரமாட்டேங்கிறான்."

"அங்க விழுற பனி எனக்கெதுக்கு? இங்க விழணும்," என்றான் வெர்னன்.

ஊர்ப்பாசம் என்று கர்டிஸ் நினைத்துக்கொண்டான். அது ஊர்ப்பாசம் இல்லை.

குளிர்காலத்தில், காற்று அசையாத சில மதியங்களில், பின்சந்திலிருந்து ஒரு கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் வெர்னனுக்குக் கேட்கும். சீரான, தாழ்ந்த சத்தம். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் பார்ப்பான். சந்து காலியாக இருக்கும். எதிர்ப்பக்கம் அவன் தங்கை டொரீனின் வீடு. அவள் வீட்டுப் பின்வாசலில் கார் நின்ற இடத்தில் வெறும் சிமெண்டுத் தளம். வண்டியை அவள் எப்போதோ விற்றுவிட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவான்.

ஒன்பது வருஷம் முன்னால், கடைசியாக வந்த பெரிய பனிப்புயலின்போது டொரீன் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலையில் இருந்தாள். ரோடு அடைத்துக்கொண்டதால் வீடு திரும்ப முடியவில்லை. அவள் புருஷன் ரூடி மட்டும் வீட்டில். எப்படியாவது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் அவளை அழைத்து வந்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு எண்ணம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வெர்னனைக் கூப்பிட்டான். கொஞ்சம் கை கொடுத்தால் வண்டியைத் தோண்டி எடுத்துவிடலாம் என்றான். வெர்னன் அப்போதுதான் அளவுகோலோடு வெளியே போய்க்கொண்டிருந்தான். மொத்தக் கணக்கு இருபத்தைந்து அங்குலம் தாண்டப் போகிறது. அவன் ஆயுசில் பார்க்காத அளவு.

"பத்து நிமிஷம்," என்றான்.

போனது ஐம்பது நிமிஷம் கழித்து. சந்தில் இறங்கியபோதே எஞ்சின் சத்தம் கேட்டது. தோண்டிக் களைத்துப்போன ரூடி, குளிர் காய்வதற்காக உள்ளே உட்கார்ந்து வண்டியை ஓடவிட்டிருக்கிறான். பின்னால் புகைக்குழாய் பனிக்குள் புதைந்து கிடந்தது; வெளியேற வழியில்லாத விஷப்புகை வண்டிக்குள் ஏறியிருந்தது. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. வெர்னன் கதவைத் திறந்தபோது ரூடி தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். கன்னம்கூடச் சிவந்திருந்தது. மூச்சு இல்லை.

"சந்துல எஞ்சின் சத்தம் கேட்டுது, போய்ப் பாத்தேன்." போலீஸிடமும் டொரீனிடமும் வெர்னன் சொன்னது இதுதான். அதில் பொய் எதுவும் இல்லை. போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பனி நின்றுபோனது. அது தற்செயல் என்று அவன் அறிவுக்குத் தெரியும். ஆனாலும் இன்னொருமுறை அதேபோலக் கொட்டினால், அந்த மதியத்தைச் சரியாகச் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு அவனுக்குள் ஊறிப்போயிருந்தது. என்ன சரி, எப்படிச் சரி என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது.

இந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் வரைபடங்கள் எல்லாம் ஒன்றுபோலச் சொல்லின. பதினெட்டு அங்குலம். கடைகளில் ரொட்டியும் பாலும் காலி. அப்படிச் செய்தால் பனி கொட்டும் என்று நம்பி, பிள்ளைகள் நைட் டிரஸ்ஸை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். கர்டிஸும் அப்படியே படுத்ததாகச் சொன்னான். "சிரிக்காத. தலைகாணிக்கு அடியில ஸ்பூன்கூட வெச்சேன். அம்பத்தோரு வயசு எனக்கு."

வெர்னன் சிரிக்கவில்லை. பனி வாரும் மண்வெட்டி நாலு வாங்கினான். துறைமுகத்தில் லீவு சொல்லிவிட்டு, தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினான்.

"வண்டியை ஓடவிட்டு உள்ள உக்காராதீங்க. மொதல்ல பின்னாடி குழாயைத் தோண்டுங்க. முடியலன்னா என்னைக் கூப்பிடுங்க. உடனே வரேன்."

புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டு, "நீங்க கவுன்ட்டி ஆபீஸா?" என்றாள். இல்லை, பக்கத்து வீடு என்றான். அவள் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

டொரீனிடமும் அதையே போய்ச் சொன்னான். "எங்கிட்டதான் வண்டியே இல்லையே," என்றாள் அவள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

புயல் சனிக்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு முதல் பனித்துகள் விழுந்தது. பதினோரு மணி வரை நன்றாகத்தான் பெய்தது, பலகை மறைந்தது. பிறகு ஜன்னலில் பொடிக்கல் அடிக்கிற மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம். வெர்னனுக்கு அந்தச் சத்தம் தெரியும். மேலே காற்று சூடாகிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டரைக்கெல்லாம் சுத்தமான மழை. கர்டிஸ் போனில் கெட்ட வார்த்தை ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தான்.

இரண்டு மணிக்கு வெர்னன் வெளியே போய் அளந்தான். ஒன்றேகால் அங்குலம், சேறு மாதிரி. மழை அதையும் கரைத்துக்கொண்டிருந்தது. அளவுகோலைத் துடைத்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. இதுவரை மழையில் கேட்டதில்லை. இந்தத் தடவை மிகப் பக்கத்தில்.

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்து ஓடினான். டொரீன் வீட்டுப் பின்வாசலில், கார் நின்ற இடத்தில், வண்டியின் பின்பக்கம் எங்கே இருக்குமோ அங்கே குனிந்து வார ஆரம்பித்தான். பனிச்சேறும் தண்ணீருமாக வாரி வாரி ஓரத்தில் கொட்டினான். மண்வெட்டி சிமெண்டில் உரசிக் கிறீச்சிட்டது.

சமையலறைக் கதவு திறந்தது. டொரீன் மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன பண்ற வெர்னன்?"

"பின்னாடி அடைச்சிருக்கு."

"வண்டியே இல்லயே இங்க."

அவன் நிமிர்ந்தான். சத்தம் நின்றிருந்தது. மழை மட்டும்தான்.

"தெரியும்," என்றான். பிறகு, ஒன்பது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "டொரீன், அன்னிக்கு ரூடி எனக்கு போன் பண்ணான்."

"ரெண்டு மணி நாலு நிமிஷத்துக்கு," என்றாள் டொரீன். "ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்ட் பேசியிருக்கீங்க. அவன் துணியோட போனையும் எங்கையில குடுத்தாங்க. பாத்தேன்."

வெர்னன் மண்வெட்டியை ஊன்றிப் பிடித்துக்கொண்டான். "அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். மொத வருஷம் கோவம். உன்னைப் பாத்தாலே உள்ள போயிடுவேன். அப்புறம் பயமாயிடுச்சு. கேட்டா, ஞாபகமில்லன்னு சொல்லிடுவியோன்னு."

"ஞாபகமிருக்கு."

"அப்ப சொல்லு. நீ என்ன சொன்னேங்கிறது அப்புறம். அவன் என்ன சொன்னான்? கடைசியா அவன்கூடப் பேசினது நீதான். எனக்கு அதுதான் வேணும்."

மழையில் நின்றபடி வெர்னன் சொன்னான். வண்டி புதைஞ்சு கெடக்கு, அகல மண்வெட்டியை எடுத்துட்டு வான்னு சொன்னான். பத்து நிமிஷம்னு நான் சொன்னதும் சிரிச்சான். உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா, அளந்து முடிச்சிட்டே வா, பனி எங்கயும் ஓடிடாதுன்னான். பன்னிக்கறி போட்டு பீன்ஸ் சூப்பு வெச்சிருக்கேன், டொரீனைக் கூட்டிட்டு வந்ததும் மூணு பேரும் சாப்பிடலாம்னான். அவ்வளவுதான். நான் அங்க போனது அம்பது நிமிஷம் கழிச்சு.

டொரீன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"வந்து பாத்தப்ப பெரிய பானை நெறய சூப்பு இருந்துச்சு," என்றாள் கடைசியில். "தனியாளு இவ்வளவு எதுக்கு வெச்சான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். சிங்குல கொட்டிட்டேன் அதை." பிறகு சொன்னாள்: "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லமாட்டேன் வெர்னன். அது எனக்கு வரல. உள்ள வா. நனையாத."

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டொரீன் தானாகப் போன் செய்தாள். மலைப்பக்கம் பனி கொட்டுகிறதாமே, கூட்டிக்கொண்டு போகிறாயா என்று கேட்டாள். அந்தப் புயலுக்குப் பிறகு அவள் பனியைத் தேடிப் போனதில்லை. கர்டிஸ் வருஷா வருஷம் கூப்பிட்டும் போகாத வெர்னன், சரி என்றான். அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டான்.

மூன்று மணி நேரம் ஓட்டி, மலைமேல் ஒரு சர்ச்சின் பெரிய வாசலில் நிறுத்தினான். நிறுத்திய மறுநிமிஷம் டொரீன் குறுக்கே கை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். சுற்றிலும் பனி பெய்துகொண்டிருந்தது. பெரிய பெரிய துகள்கள், அவசரமில்லாமல். வெர்னன் இறங்கிப் போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றான். முழங்கால் வரை இறங்கியது. சத்தமே இல்லாத இடம்.

பின்னால் கார்க் கதவு திறந்தது. டொரீன் இறங்கவில்லை. உள்ளிருந்தபடியே கேட்டாள்.

"அந்த அம்பது நிமிஷம் என்ன பண்ணிட்டிருந்த?"

அளந்துகொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவளும் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"அளந்தது ரெண்டு நிமிஷம்," என்றான். "மீதி நேரம் சும்மா நின்னுட்டிருந்தேன். மேல பாத்துக்கிட்டு."

"சும்மான்னா?"

"சந்தோஷமா இருந்தேன் டொரீன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு சந்தோஷமா நான் இருந்ததில்ல."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெர்னன் நின்ற இடத்திலேயே நின்றான். தோளிலும் தொப்பியிலும் பனி ஏறியது. திரும்பிப் பார்த்தபோது கார்க் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகியிருந்தது. அவள் தெரியவில்லை. எஞ்சின் ஓடவில்லை என்று அவனுக்குத் தெரியும், சாவி திரும்பியதைக் கண்ணால் பார்த்திருந்தான். ஆனாலும் ஓடினான், பனியில் இரண்டு தரம் விழுந்து எழுந்து. கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தான்.

டொரீன் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன?"

"ஒண்ணுமில்ல."

"போலாம்," என்றாள்.

மலையிறங்கி வரும்போது ஒரு வளைவில் பனி மழையாக மாறியது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பர்லாண்ட் ஊர் தாண்டியதும் டொரீன் முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பத்து நிமிஷம்னு சொன்னதும் சிரிச்சான்னியே. எப்படிச் சிரிச்சான்?"

வெர்னன் சிரித்துக் காட்டினான்.

"அப்படியில்ல. மூக்கால ஆரம்பிப்பான் அவன்."

மறுபடி சிரித்துப் பார்த்தான். கிட்டத்தட்ட வந்தது. டொரீன் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை," என்றாள். ஃபிரெடெரிக் ஊர் வரும்வரை, மழைக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டே, அவன் செத்துப்போன ரூடியின் சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருந்தான்.