ஆத்துமாக்கள் பூசையில் ஒரு பெயர்

நேற்று மாணவர்களின் களப்பயிற்சிக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றைத் திறந்ததும் குப்பென்று கருவாட்டு மணம். பிள்ளை கடற்கரை மீன்வாடியில் இருந்தே எழுதியிருக்கிறாள் என்று சிரித்தேன். உள்ளே, 'இந்தக் குடும்பத்தின் துயரத்தை முழுமையாகப் புரிந்துகொண்டேன்' என்றிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதே வசனத்தை நானும் எழுதியவள்தான். சமூகப்பணி டிப்ளோமா படித்த காலம், தோட்டவெளிப் பக்கம் களப்பயிற்சி. தோளில் துணிப்பை, வாயில் ரெண்டு ஆங்கிலச் சொல், எனக்கென்ன குறைச்சல்! எனக்குத் தந்த குடும்பம் ரெஜினா அக்காவுடையது. அவவின் புருசன் அருளப்பு கடலுக்குப் போய் ஐந்து வருடம். படகுமில்லை, ஆளுமில்லை. "அங்கால கரையில மறியல்ல இருப்பார் மிஸ்" என்பா. இந்தியாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்த மீனவர் யாரும் விடுபட்டு வந்தால் போதும், எந்தக் கரையென்றாலும் பஸ் ஏறிப் போய்க் கேட்பா. "எங்கட ஆளைக் கண்டனீங்களோ?"

வகுப்பில் அப்போதுதான் 'இழப்பை ஏற்கச் செய்தல்' படித்திருந்தோம். படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் எனக்கு நித்திரை வராது. கார்த்திகையும் பிறந்தது. மரித்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டால், ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் பங்குச் சுவாமி வாசிப்பார். காணாமற்போனவருடைய பெயரை மட்டும் வீட்டுக்காரர்தான் போடவேண்டும். அவர்கள் போடும்வரை அவர் உயிரோடிருக்கிறார். இது எனக்கும் தெரியும், உப்புக்குளத்தில் வளர்ந்த வேதக்காரி நான். தெரிந்தும் அருளப்புவின் பெயரை எழுதிப் போட்டேன். ஊரோடு சேர்ந்து கேட்டால் அக்கா அழுது ஆறிவிடுவா என்று நினைப்பு.

சுவாமி வாசித்தார். என் பக்கத்தில் முழந்தாளில் நின்ற அக்கா எழும்பினா. "ஆரைக் கேட்டு இவரைச் சாக்காட்டினீங்கள்?" கோயில் முழுக்கக் கேட்டது. பாவி நான், செபப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன். ஏசுவா, அடிப்பா என்றுதான் போனேன்.

"உங்களுக்குத் தெரியுமோ மிஸ், அவர் செத்திட்டாரெண்டு?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதிலதான் இவ்வளவு நாளும் இருந்தனான்." கதவைச் சாத்தினா.

நடந்ததை அப்படியே கொப்பியில் எழுதி, அந்த வசனத்தோடு முடித்துக் கொடுத்தேன். அனுபவத்தால் மாறியிருக்கிறாய் என்று விரிவுரையாளர் பாராட்டி, வகுப்பிலேயே ஆகக்கூடிய புள்ளி போட்டார். வெட்கக்கேடு, அன்றைக்குச் சந்தோசப்பட்டேன்.

அடுத்த கார்த்திகையில் அந்தத் துண்டை அக்காவே எழுதிப் போட்டாவாம். வருடா வருடம் போடுகிறா. அக்கரை மறியலிலிருந்து இன்னமும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அருளப்புவைக் கண்டனீங்களோ என்று கேட்க ஒருவருமில்லை.