சுத்துற ஃபேன்ல பேரு தெரியாது

போன மாசம் எங்க போடி சர்ச்சுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தேன். மூணு இறக்கையிலயும் 'அன்பளிப்பு'ன்னு போட்டு, சிவப்பு பெயின்ட்ல என் பேரை எழுத வச்சேன். எல்லாம் கர்த்தருடைய மகிமைக்காகத்தான்.

மாட்டின பிறகுதான் புரிஞ்சது. அடிக்கிற வெயில்ல அதை யாரும் நிறுத்துறதே இல்ல. சுத்துறப்ப என் பேரு வெறும் சிவப்பு வளையம்.

இன்னைக்கு ஆராதனையில பாஸ்டர் தாழ்மையைப் பத்திப் பேசினார். பேருக்காக எதையும் செய்யாதீங்கன்னார்.

நான் சத்தமா ஆமென் சொல்லிட்டு, சுவரோரமா நகர்ந்து போய் ரெகுலேட்டரை ஒண்ணுல வச்சேன். என் பேர்ல முதல் ரெண்டு எழுத்து தெரிய ஆரம்பிச்சது.

ஃபேனுக்குக் கீழ இருந்த மேரியக்கா திரும்பினாங்க. "தம்பி, வேகுதுப்பா. வெரசா கூட்டி வை."

"குளிருதுக்கா"ன்னேன். எனக்கே சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டியிருந்துச்சு.

அக்காவே எந்திரிச்சு வந்து அஞ்சுல வச்சுட்டாங்க.

ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரைப் பிடிச்சேன். "மலை மேல ஏலக்காய்த் தோட்டத்துல இருக்கிற நம்ம சர்ச்சுக்கும் ஒரு ஃபேன் கொடுக்கிறேன் பாஸ்டர்."

"அங்க மே மாசமே ஸ்வெட்டர் போட்டுத்தான் ஜெபம் பண்றாங்க. ஃபேனை யாருப்பா போடுவா?"

"அதனாலதான் பாஸ்டர்."

அவர் தலையைத் தூக்கி மேலே சுத்துற ஃபேனைப் பாத்தார். அப்புறம், "அடுத்த வாரமும் தாழ்மையைப் பத்தியே பேசுறேன்"னுட்டுப் போயிட்டார்.

கரண்டு போனப்ப எடுத்த ஃபேன் போட்டோ கீழ இருக்கு. யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். எழுத்து நல்லா தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க.